வால் ஓடிய மீராமுகைதீன்

1981ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கல்முனை மோட்டார் சைக்கிள் நேயர் குழுவின் கூட்டக் குறிப்பேட்டில், நாற்பத்தோராம் பக்கத்தில், மருதமுனை மீராமுகைதீனுக்கு எதிராகப் பின்வரும் தீர்மானம் எழுதப்பட்டது:

"சென்ற ஞாயிறு பொத்துவில் ஓட்டத்தில் வால் ஓடியவர், தம் கடமையை மறந்து, வழியில் அந்நியர் ஒருவருடன் கதைத்துக்கொண்டு நின்றமையால், உறுப்பினர் ஜவுபர் கால் முறிந்த நிலையில் ஒன்றேகால் மணித்தியாலம் கேட்பாரற்றுக் கிடக்க நேர்ந்தது. ஆகவே அன்னாரின் பெயர் ஓட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது."

கீழே நான்கு கையொப்பங்கள். ஐந்தாவது கையொப்பம் வேறு மையில் இருந்தது. அது ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்த ஜவுபரிடம் புதன்கிழமை கொண்டுபோய் வாங்கப்பட்டது.

அந்தக் கூட்டத்துக்கு மீராமுகைதீனுக்கு அறிவித்தல் அனுப்பப்படவில்லை. அவருடைய வாக்குமூலம் கேட்கப்படவில்லை. "கதைத்துக்கொண்டு" என்று எழுதியவர்களில் ஒருவரேனும் அந்த இடத்தில் நின்று கண்ணால் கண்டவரல்லர். அவருடைய முறைப்பாடு இவ்வளவுதான். இதற்காக அவர் ஆறு வருடம் தனியே இருந்தார்.

வால் என்றால் என்னவென்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதுகளில் யப்பான் மோட்டார் சைக்கிள்கள் கல்முனைக்குக் கூட்டம் கூட்டமாக வந்திறங்கின. பிரதான வீதியில் இரும்புக்கடை வைத்திருந்த அப்துல் ஸமட் முதலில் ஒன்றை வாங்கினார். அதைப் பார்க்க வந்தவர்கள் தாங்களும் வாங்கினார்கள். வாங்கியவர்கள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அந்தக் கடை வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஒருவருக்கும் அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. ஒருவர் தன் வண்டியின் பிளக்கைக் கழற்றி, அதன் வாய் வறுத்த கொத்தமல்லி நிறத்தில் இருக்கிறதா, கரி பிடித்திருக்கிறதா என்று காட்டுவார். மற்றவர்கள் அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்து, வைத்தியர்களைப் போலத் தலையசைப்பார்கள். அவர்களில் ஒருவரான மஜீட்டின் தம்பி கப்பலில் வேலை செய்தார். அவர் கொண்டுவந்த வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றை ஏடு ஏடாகப் பிரித்து, ஆளுக்கு ஐந்து நாளென்று முறை வைத்துப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, வீதியில் வருகிற சத்தம் எந்த வண்டியுடையது, யாருடையது என்று சொல்வது ஒரு விளையாட்டு. பிழையாகச் சொன்னவர் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும். மீராமுகைதீன் அந்த விளையாட்டில் ஒருநாளும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்ததில்லை.

அவருடைய வண்டி மட்டும் யப்பானல்ல, பழைய பிரித்தானிய பீ.எஸ்.ஏ. ஓர் அரசாங்கக் கந்தோரின் ஏலத்தில், ஓடாத நிலையில், 1974இல் எடுத்தது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அந்த வண்டிக்கான திருத்தற் புத்தகத்தையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு பதினான்கு மாதத்தில் அதை ஓட வைத்தார். ஆங்கிலத்தில் கல்யாணக் கடிதம் ஒன்றைக் கொடுத்தால் தடுமாறுவார். வால்வு இடைவெளியைப் பற்றி எழுதியிருந்தால் தங்குதடையின்றி வாசிப்பார். ஏலச் சீட்டு, வரிப் பத்திரம், வாங்கிய ஒவ்வொரு ஆணிக்கும் உரிய பற்றுச்சீட்டு எல்லாம் துளையிட்டு, திகதி ஒழுங்கில், நெசவு நூலால் கட்டிய கோவைகளில் இருந்தன. நூல் அவருக்குத் தாராளமாகக் கிடைத்தது. மருதமுனை நெசவாளர் சங்கமொன்றில் அவர் களஞ்சியக் காப்பாளர்.

பிறந்த ஊர் சாய்ந்தமருது. முறைப்படி, கல்யாணம் முடித்த அன்றே பெண் வீட்டுக்கு வந்தார். மனைவி றம்லாவின் வளவில் அவளுடைய சகோதரிகள், அவர்களின் மாப்பிள்ளைமார், அவர்களின் தறிகள். ஒன்பது வருடம் கழிந்தும் அங்கே அவர் பெயர் "சாய்ந்தமருது மாப்பிள்ளை"தான். அவர்கள் கெட்டவர்களல்லர். ஆனால் சாறன் கரையைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் அவர்கள் கதைக்கும்போது அவருக்குச் சொல்ல ஒன்றுமிருக்கவில்லை. அவர் சொல்ல விரும்பியதைக் கேட்கவும் அங்கே ஆளில்லை. ஸமட்டின் கடை வாசலில் ஐந்து பேர் இருந்தார்கள்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு குழு ஓட்டம் போனது. விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு, பொத்துவிலுக்கு, அல்லது அம்பாறைப் பக்கமாக இங்கினியாகலைக்கு. முன்னே ஒருவர் வழிகாட்டுவார். கடைசியில் ஓடுபவர் வால். குறடு, அரம் முதலான ஆயுதப் பை அவரிடமே இருக்கும். அவர் யாரையும் முந்தக் கூடாது. யாருடைய வண்டி நின்றாலும் வாலும் நிற்கும். முன்னே போகிறவர்கள் திரும்பி வரவே கூடாது. சொன்ன இடத்தில் வாலைக் காணும்வரை காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒருமுறை ஒருவரையொருவர் தேடி ஆளுக்கொரு பாதையில் திரும்பிப் போய், பகல் முழுக்கப் பெற்றோலை எரித்தபின் செய்துகொண்ட ஏற்பாடு இது.

"பீ.எஸ்.ஏ. எப்பிடியும் கடைசியாத்தான் வரும். அதுக்கு ஒரு பதவியையும் குடுத்திருவம்," என்றார் மஜீட். "வாலில்லாமக் குரங்கும் போகும், நாம போகேலாது."

இரண்டு வருடம் மீராமுகைதீனே வால். முன்னே ஐந்து முதுகுகளைப் பார்த்துக்கொண்டு ஓடுவதில் அவருக்கிருந்த நிறைவை அவர் றம்லாவிடம்கூடச் சொன்னதில்லை.

மார்ச் 15ஆம் திகதி திருக்கோவிலில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறு பேரும் புறப்பட்டார்கள். அடுத்த தரிப்பு கோமாரி. தாண்டியடிக்கு அப்பால் பற்றைக்காட்டு வழியில், பாலை மரமொன்றின் கீழே சிவப்பு வண்டி ஒன்று நிற்பதை மீராமுகைதீன் தூரத்திலிருந்தே கண்டார். சிவப்பு வண்டி ஜவுபருடையது. வேகத்தைக் குறைத்துக் கிட்டப் போனபோதுதான், அதே தொகுதியில் வந்த வேறொரு வண்டி என்று தெரிந்தது. அதனருகே வெள்ளைச் சாறன் கட்டிய ஒருவர் குந்தியிருந்தார். குடையின் கீழ் அவர் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள்.

"காக்கா, ஒரு குறடு இரிந்தாத் தாங்க," என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டார் அந்த மனிதர். சொறிக்கல்முனைச் செல்லத்தம்பி, வயல் செய்யும் கமக்காரர், பொத்துவிலில் மாமியார் வீட்டுக்குப் போகிறவர். வண்டிச் செயின் அறுந்திருந்தது.

"குறட்டால ஏலாது தம்பி. ரெண்டு கண்ணி மாத்தணும்."

மீராமுகைதீன் அப்போது ஒரு கணக்குப் பார்த்தார். தன்னவர்கள் ஐவரும் முன்னே போய்விட்டார்கள். வழியில் எவரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் தான் கண்டிருக்க வேண்டும். ஆகவே கோமாரியில் அவர்கள் கொஞ்சம் காத்திருப்பதைத் தவிர வேறு நட்டமில்லை. கணக்கு அந்த இடம்வரை சரியாகவே இருந்தது. அதற்கு அப்பாலுள்ள மூன்று மைல் அதில் இல்லை. அவர் கல்லொன்றின் மேல் செயினை வைத்து, அரத்தால் ஆணியின் தலையைத் தேய்க்கத் தொடங்கினார்.

அந்த மூன்றாவது மைலில், சங்கமன்கண்டி வளைவில், எருமைக் கன்றுக்கு விலத்திய ஜவுபர் மணலில் சரிந்து விழுந்தார். வளைவுக்கு அப்பால் போய்விட்ட நால்வருக்கும் தெரியவில்லை. கோமாரியில் அவர்கள் காத்திருந்தார்கள். இருவரைக் காணவில்லையே என்று மஜீட் சொன்னபோது, "வால் இரிக்கி. அவரு பாத்துக்குவாரு," என்றார் ஸமட். இன்னொரு தேத்தண்ணி வந்தது. ஜவுபரும் மணலில் கிடந்தபடி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் விறகு ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரர் அவரைக் கண்டார். மீராமுகைதீன் வந்து சேர்ந்தபோது ஜவுபர் விறகின் மேல் கிடத்தப்பட்டிருந்தார்.

"எங்க காக்கா போனீங்க?"

மீராமுகைதீன் தன் கைகளைப் பார்த்தார். கிறீசும் துருவும் அப்பியிருந்தன. வழியில் ஒருவருக்குச் செயின் பூட்டியதாக மட்டும் சொன்னார்.

தீர்மானம் எழுதி ஒரு கிழமைக்குப் பின் மஜீட்தான் தீர்மானத்தைப் பற்றிச் சொன்னார். மீராமுகைதீன் அன்று பின்னேரமே ஸமட்டின் கடைக்குப் போனார்.

"வாங்க மீரா காக்கா. தேத்தண்ணி சொல்லவா?"

"வேணா. கொப்பியத் தாங்க."

நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். "நான் கதைச்சிக்கிட்டு நிண்டத ஆரு கண்ட?"

ஸமட் தராசுத் தட்டைத் துடைத்தார். "ஒருத்தரும் காணல்ல. ஜவுபர்ட வாப்பா பொலிசுக்குப் போறெண்டு நிண்டாரு. எங்க எல்லார்ட வண்டியையும் பறிக்க வைக்கிறெண்டாரு. ஒரு ஆள்ட பேர எழுதிக் காட்டினாப் பொறகுதான் மனிசன் அடங்கின."

"அந்த ஆள் ஏன் நான்?"

"நீங்கதானே வால்." பிறகு சொன்னார்: "மத்தவங்க ஊருக்குள்ள குடும்பம் குட்டியோட இரிக்கிறவங்க காக்கா. உங்களுக்கு இதக் கேட்டு வர ஆரு இரிக்கா?"

அவர் அதைக் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. மீராமுகைதீன் கொப்பியை மூடினார். பிறகு கேட்டார்: "கோமாரியில நீங்க எத்தின தேத்தண்ணி குடிச்ச?"

ஸமட் தட்டைத் தராசில் மாட்டினார்.

"ஒரு மாசம் போகட்டும்," என்றார் ஸமட். "மறுகா நீங்க சும்மா வாங்க. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க. கொப்பி கொப்பியோட கிடக்கும்."

"எழுதினத எழுதித்தான் மாத்தணும்."

அவர் நாற்பத்தோராம் பக்கத்தைத் தன் கையாலேயே பிரதி எடுத்தார். அதில் "உண்மைப் பிரதி" என்று எழுதி ஸமட்டின் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் கிட்டங்கித் துறையைக் கடந்து சொறிக்கல்முனைக்குப் போனார். செல்லத்தம்பி மகிழ்ச்சியோடு கதிரை போட்டார். நடந்ததைக் கேட்டு மனம் வருந்தினார். சாட்சிக் கடிதம் எழுதித் தர உடனே இசைந்து, பிள்ளையின் கொப்பியில் ஒற்றை கிழித்து, ஆற அமர எழுதினார். மீராமுகைதீன் அதை வீதிக்கு வந்துதான் வாசித்தார். தன் வண்டிக்கு இரண்டு கண்ணி மாற்றிக் கொடுத்ததையும், காசு வாங்க மறுத்ததையும் செல்லத்தம்பி ஒழுங்காக எழுதியிருந்தார். முடிவில் இருந்தது இது: "வேலை முடிந்த பின் இருவரும் மர நிழலில் இருந்து பத்து நிமிடமளவில் வண்டிகளைப் பற்றிக் கதைத்தோம். அவரைப் போல விபரம் தெரிந்தவரை நான் கண்டதில்லை."

அது உண்மை. செல்லத்தம்பி பீ.எஸ்.ஏ.யைச் சுற்றிவந்து, இதை எப்படிக் காக்கா ஓட வைத்தீங்க என்று கேட்டிருந்தார். வண்டியை எடுத்த ஏழு வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர். மீராமுகைதீன் சொல்லத் தொடங்கியிருந்தார்.

திரும்பிப் போய் அந்த ஒரு வரியை நீக்கித் தரும்படி கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. கடிதத்தைக் கிழிக்கவுமில்லை. திகதியிட்டு, துளையிட்டு, ஏழாம் இலக்கக் கோவையில் சேர்த்தார். எவருக்கும் காட்டவில்லை.

அதன் பிறகு ஞாயிறுகள் வேறு விதமாக வந்தன. மருதமுனையிலிருந்த மஜீட் வண்டியை எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் போகும் சத்தம் பாயில் இருக்கும்போதே கேட்கும். ஒரு மணித்தியாலம் கழித்து மீராமுகைதீன் பீ.எஸ்.ஏ.யை வெளியே தள்ளுவார்.

"இஞ்சாருங்க, அவங்க கூப்பிடல்லயே. எங்க போற?" என்பாள் றம்லா.

"றோட்டு அவங்கட இல்லயே."

"அந்த வண்டிக்கு ஒரு முந்தானை இரிந்தா என்னைய எப்பயோ விட்டிருப்பீங்க."

அவர் போனது குழு போன பாதையிலேதான். வளைவுகளில் அவர்களின் டயர் அடையாளத்தைப் பார்ப்பார். திருக்கோவில் தேத்தண்ணிக் கடையில் அவர்கள் குடித்த கோப்பைகள் இன்னும் கழுவாமல் மேசையில் இருக்கும். கடைக்காரர், "உங்கட ஆக்கள் இப்பத்தான் போறாங்க," என்பார். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த மேசையில் இருப்பார். யாருக்கும் தெரியாமல் அவர் இன்னும் வால் ஓடிக்கொண்டிருந்தார். ஒருமுறை வீதியோரத்தில் சிவப்பு வண்டியொன்றின் பக்க மூடி கிடந்தது. அதைத் துடைத்து, பொதி செய்து, கண்டெடுத்த இடமும் நேரமும் குறித்து, பெற்றமைக்குப் பற்றுச்சீட்டு அனுப்பும்படி கேட்டு, ஸமட்டின் கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பற்றுச்சீட்டு வரவில்லை. மூடி ஜவுபரின் வண்டியில் பூட்டப்பட்டிருந்ததைச் சந்தையில் கண்டார்.

1983இல் ஒருநாள் ஜவுபரே வீடு தேடி வந்தார். ஒரு கால் சற்றுக் கட்டையாகியிருந்தது. படலையைத் திறந்து, சாய்ந்து சாய்ந்து வந்து, பீ.எஸ்.ஏ.யின் பக்கத்தில் நின்றார்.

"எனக்கு உங்களோட ஒரு கோவமும் இல்ல காக்கா. வாற ஞாயிறு வாங்க. மஜீட் காக்கா வால் ஓடுறாரு. பாதி வழியில எங்களயும் முந்திப் போயிர்றாரு."

மீராமுகைதீனுக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாளைக்குப் பின் வந்த சிரிப்பு. "நீங்க கையொப்பம் வெச்சிரிக்கீங்களே."

"ஊசி போட்டிரிந்தாங்க. வாப்பா கையப் புடிச்சாரு."

"அத எழுதித் தாங்க. நாளைக்கே வாறன்."

ஜவுபர் தரையைப் பார்த்தார். வாப்பா உயிரோடு இருக்கிறார், அவருக்கு எதிராக எப்படி எழுதுவது என்றார். பிறகு, ஒரு கேள்வி கேட்கிறேன், கோவிக்க வேண்டாம் என்றார்.

"அண்டைக்கு நீங்க அந்த ஆளோட கதைச்சீங்களா இல்லயா?"

மீராமுகைதீன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "செயின் பூட்டினன்," என்றார்.

ஜவுபர் படலைப் பக்கம் திரும்பினார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு றம்லா வந்தபோது அவர் போயிருந்தார். "என்னத்துக்கு வந்த, என்னத்துக்குப் போன?" என்று அவள் கேட்டாள். தேத்தண்ணியை மீராமுகைதீனே குடித்தார்.

எண்பத்தைந்தில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையில் கலவரம் வந்தது. பகலிலும் கதவடைத்த நாட்கள். தாண்டியடிப் பக்கம் எவரும் போகவில்லை. குழு ஓட்டம் நின்றது. யாரும் தீர்மானம் எழுதி நிறுத்தவில்லை, தானாக நின்றது. சிலர் வண்டியை விற்றார்கள். சொறிக்கல்முனைக்குப் போகும் வழி மீராமுகைதீனுக்கு இல்லாமற் போயிற்று. செல்லத்தம்பி இருக்கிறாரா என்று விசாரிக்கவும் ஆளில்லை. ஞாயிறுகளில் வீதி வெறுமையாகக் கிடந்தது. பின்னால் ஓடுவதற்கும் முன்னே ஒருவருமில்லை.

1986 டிசம்பரில் அப்துல் ஸமட் இரும்புக்கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் வேலைக்காகக் கட்டாருக்குப் புறப்பட்டார். போவதற்கு முந்திய நாள் மருதமுனைக்கு வந்து, குறிப்பேட்டை மீராமுகைதீனின் கையில் வைத்தார்.

"இது எனக்கு இனி என்னத்துக்கு. நீங்கதான் கடதாசியெல்லாம் கவனமா வெக்கிற ஆள். அந்தப் பக்கத்தக் கிழிச்சி அடுப்புல போடுங்க காக்கா. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"கிழிக்கிறதுக்கு நான் கேக்கல்ல. திருத்தி எழுதுங்க. பேனை இஞ்ச இரிக்கி."

ஸமட் பேனையை வாங்கினார். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். "என்னத்தையெண்டு எழுத? நீங்க கதைக்கல்லயெண்டா? எனக்குத் தெரியாதே. நான் கோமாரியிலதானே இரிந்த," என்றார். பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைகொடுத்து முஸாபஹா செய்து, ஸலாம் சொல்லிப் போனார்.

மீராமுகைதீன் குறிப்பேட்டை ஏழாம் கோவையின் பக்கத்தில் வைத்தார். பல நாட்கள் தொடவில்லை. தொட்ட நாளில், நாற்பத்தோராம் பக்கத்தையும் செல்லத்தம்பியின் ஒற்றையையும் மேசையில் அருகருகே விரித்தார். பார்க்காததை எழுதினார்கள் என்று அவர் ஆறு வருடம் வழக்குப் பேசியிருந்தார். பார்த்தவர் எழுதியதை அதே ஆறு வருடம் தான் மறைத்து வைத்திருந்ததையும் அன்று அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஸமட் எழுதாமல் போனதற்குக் காரணம், எழுத வேண்டியது இந்த மேசையில் இருந்ததுதான்.

1987 பெப்ரவரி 2ஆம் திகதி அவர் கட்டாருக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு தரம் எழுதிப் பார்த்து, மூன்றாவதைச் சுத்தப் பிரதியாக்கினார். செல்லத்தம்பியின் கடிதத்தைத் தட்டச்சுக் கடையில் நகலெடுத்து உள்ளே வைத்தார். பதிவுத் தபால் சீட்டு கோவையில் இருக்கிறது. கடிதத்தின் முடிவு இப்படி:

"இத்துடன் இணைத்துள்ள சாட்சிக் கடிதத்தை முன்னரே தங்களிடம் தராதது என் பிழை. நான் அந்த இடத்தில் நின்றது ஒன்றேகால் மணித்தியாலம். அதில் அறுபத்தைந்து நிமிடம் வேலை செய்தேன்; அக்கடிதத்தில் உள்ளபடி பத்து நிமிடம் கதைத்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஜவுபரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தங்கள் தீர்மானத்தின் கீழே நான்கு கோடுகள் வெறுமையாக உள்ளன. அவற்றில் நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். வேலை செய்த நேரத்தையும், கதைத்த நேரத்தையும், நீங்கள் நால்வரும் கோமாரியில் காத்திருந்த நேரத்தையும் குறித்து, தங்கள் கைப்படத் திருத்தம் எழுதி அனுப்பினால், அதை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்வேன். இக்கடிதம் கிடைத்து முப்பது நாட்களுக்குள், திகதியும் கையொப்பமும் இட்டு, எழுத்து மூலமான பதிலைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."